மேகவாகன் கப்பலின் நான்கு கவர்கள்

பதினொன்று, பன்னிரண்டு, எழுபத்தொன்று. வட்ட முத்திரைக்குள் மூன்று எண்கள். இங்கிலீஷ் எனக்கு வராது, தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் எண் தெரியும். எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர் பதினொன்றாம் தேதி என் வலது கை பம்பாய் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுக்குள் இருந்தது. கையோடு நானும் இருந்தேன். கப்பல் எங்கேயோ கடலில் இருந்தது. அந்தத் தேதியில் அந்தக் கப்பலிலிருந்து, அனுப்புநர் என்ற இடத்தில் முத்திருளாண்டி என்று என் பெயரும் என் கடற்படை நம்பரும் போட்டு, பெறுநர் என்ற இடத்தில் என் பெண்சாதி வெள்ளத்தாய் பெயர் போட்டு ஒரு கவர் போயிருக்கிறது. நான் அனுப்பவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பத்தொன்பது, பன்னிரண்டு. அதற்குக் கீழே இரண்டு, ஒன்று. அதற்கும் பக்கத்தில் பதினான்கு, ஒன்று, எழுபத்திரண்டு. நான்கு கவர். நான்கிலும் நான் இல்லை. கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் நான்கும் வரிசையாக ஒட்டி இருக்கின்றன, பார்த்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் வெள்ளத்தாய் உட்கார்ந்து நிகழ்ச்சி நோட்டீஸை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இருந்தாலும் விசிறுகிறாள். ஐம்பத்திரண்டு வருஷமாக அவளைப் பொய்க்காரி என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னை மேடைக்குக் கூப்பிடுவார்கள்.

தபால்தலை சேர்க்கிறவர்கள் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டிருக்கிற கண்காட்சி இது. காலை பத்து மணிக்கு விழா என்றார்கள், பத்தே முக்கால் ஆகிவிட்டது, தலைமை தாங்கும் அதிகாரி இன்னும் வரவில்லை. பரமக்குடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தோம். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சந்தானகோபாலன் என்பவர்தான் எங்களை அழைத்தவர். அவர் தபால்தலை சேர்ப்பதில்லையாம், கப்பல் முத்திரை குத்திய கவர் மட்டும் சேர்க்கிறாராம், அதிலும் மேகவாகன் என்கிற எங்கள் எண்ணெய்க் கப்பலின் கவர் மட்டும். சண்டைக் கப்பலைத் தேடுகிறவன் ஆயிரம் பேர் இருக்கிறான் ஐயா, அதுக்கு எண்ணெய் ஊத்தின கப்பலை யாரும் தேடலை, நான் தேடுறேன் என்று போனில் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. பழைய படைவீரர் சங்கத்தில் விலாசம் வாங்கி ஆடி மாதம் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் அப்போது கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் வெள்ளத்தாய், "ஒருத்தர் பழைய கவர் கேட்டு வந்தாரு, குடுத்தேன்" என்றாள். என்ன கவர் என்று நானும் கேட்கவில்லை. அப்புறம் அந்த மனிதர் போனில் என்னிடம், பாகிஸ்தானோடு போர் நடந்த நாளெல்லாம் கப்பலிலேயே இருந்தீர்களா என்று கேட்டார். இருந்தேன் என்றேன். ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். கை போன தேதியை மட்டும் பத்துப் பதினைந்து நாள் தள்ளிச் சொல்வேன். சண்டை தொடங்கி மூன்றாம் நாளே கையைக் கயிறு சுற்றுகிற விஞ்சுக்குக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தவன் என்று எவன் சொல்லிக்கொள்வான்.

அரைமணி முன்னால் அவர்தான் கையைப் பிடித்து ஒவ்வொரு சட்டமாகக் காட்டிக்கொண்டு போனார். "ஐயா, இதுதான் உங்க கப்பலோட முழுச் சரித்திரம். எந்த நாட்டுல கட்டினது, நம்ம ஆளுங்க எப்ப வாங்கினது, எந்த வருஷம் எந்தத் துறைமுகம், கடைசியில உடைக்கக் குடுத்தது வரைக்கும் ஆறு ஃபிரேம்." கப்பலின் படம் இருந்தது. படத்தில் சுத்தமாக இருந்தது. எங்கள் தளத்தில் காலை வைத்தால் எண்ணெயில் வழுக்கும், சோற்றிலும் எண்ணெய் வாடை, குளித்துவிட்டு வந்தாலும் எண்ணெய் வாடை, லீவில் வந்தால் வெள்ளத்தாய் தலையணை உறையைத் தனியாக வெந்நீரில் போட்டு அலசுவாள். அது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஐந்தாவது சட்டத்துக்கு முன்னால் வந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பதினொண்ணாம் தேதிக் கவர்தான் என் செட்டுக்கே உயிர். சண்டை நடந்த நாளுக்குள்ள மேகவாகன் முத்திரை விழுந்த கவர் வேற யார்கிட்டயும் இருக்கிற மாதிரி தெரியலை. அன்னிக்கு அபாயச் சங்கு ஊதிக்கிட்டே இருக்க, பதினேழு மணி நேரம் விடாம எண்ணெய் குடுத்திருக்கீங்க. அன்னிக்கு எழுதின கவரு, எழுதினவரு நேர்ல நிக்கிறாரு. பரிசு குடுக்கிற ஜட்ஜுங்க என்ன செய்யறாங்கன்னு பாருங்க." நான் கவரைப் பார்த்தேன். வெள்ளத்தாய் என்பதில் ள்ளவை ஒரே சுழியில் எழுதி மேலே கொண்டைபோல் முடிச்சுப் போட்டிருந்தது. ஞானதிரவியத்தின் கை. கப்பலில் என் கடிதம் எல்லாம் அவன்தான் எழுதிக் கொடுப்பான், அதனால் கையெழுத்து ஒன்றும் அதிசயம் இல்லை. எண்தான் இடித்தது. "உள்ளே இருந்த கடுதாசி எங்கே சார்" என்று கேட்டேன். "எங்களுக்குக் கவர்தான் முக்கியம் ஐயா. உள்ளே இருக்கிறதை நாங்க படிக்கிறது இல்லை. அம்மாவே உருவி வச்சுக்கிட்டுத்தான் குடுத்தாங்க."

உருவி வைத்துக்கொண்டாள். பார், விசிறுகிறாள். எதிரே மேடையில் இரண்டு பேர் பேனரை நேராக்கிக் கட்டுகிறார்கள், இடது பக்கம் தாழ்ந்திருக்கிறது, இன்னும் தாழ்கிறது. ஞானம் கயிறு கட்டினால் தாழாது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். நான் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே ஹோஸ் பார்ட்டி. எண்ணெய் வாங்குகிற கப்பல் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஓடிவரும், இரண்டு கப்பலுக்கும் நடுவில் கம்பிக்கயிறு இழுத்துக் கட்டி அதில் ஹோஸைத் தொங்கவிட்டு எண்ணெய் அனுப்புவோம். எண்ணெய் போகிற நேரத்திலேயே அந்தக் கப்பல்காரன் தபால் பையை வேறொரு கயிற்றில் எங்களுக்கு விடுவான், எங்களிடம் இருக்கிற பையை நாங்கள் அவனுக்கு விடுவோம். கடலில் தபாலாபீஸ் என்றால் எண்ணெய்க் கப்பல்தான், எல்லாரும் எங்களிடம் வந்துதான் ஆகவேண்டும். அந்தப் பைக்கு ஞானம் பொறுப்பு. அவன்தான் வட்ட முத்திரை குத்துவான், அதிகாரி கடிதத்தைப் பார்த்துச் சின்னக் கையெழுத்துப் போட்ட பிறகு கவரின் வாயை ஒட்டுவான், பையைக் கட்டிக் கொக்கியில் மாட்டுவான். டிசம்பர் ஆறாம் தேதி மதியம், அலையில் எங்கள் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து கம்பிக்கயிறு தொய்ந்தது, தொய்ந்த கயிற்றைக் கையால் ஒதுக்கினேன், ஒதுக்கக் கூடாது, எல்லோருக்கும் தெரியும் ஒதுக்கக் கூடாது என்று, கயிறு விறைத்தபோது மூன்று விரல் விஞ்சு உருளைக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருந்தது. வலி உடனே வரவில்லை. சத்தம்தான் முதலில் கேட்டது, முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம். நாற்காலியில் வைத்துக் கட்டி அதே கயிற்றில் என்னைப் பக்கத்துக் கப்பலுக்கு அனுப்பினார்கள், அது பம்பாய் போகிற கப்பல். என்னைக் கொக்கியில் மாட்டியவனும் ஞானம்தான். "வீட்டுக்கு எழுதிருடா" என்றேன். "நான் பாத்துக்கிறேன், நீ போ மாப்ள" என்றான். எழுதுகிறேன் என்று சொல்லவில்லை, பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறான். கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது.

ஐம்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலையாளத்துக்காரன், அவனுக்கு வாரம் இரண்டு கடிதம். கொடுக்கிற ஆள் கட்டில் கட்டிலாக வருவான், என் கட்டிலைத் தாண்டும்போது முகத்தைப் பார்க்கமாட்டான். எனக்கு ஒன்றுகூட வரவில்லை. நர்ஸ் அம்மா, வீட்டுக்கு எழுதணுமா சொல்லு, நான் ஆள் வைத்து எழுதித் தருகிறேன் என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். ஞானம் எழுதியிருப்பான், இவளுக்குத் தெரிந்திருக்கும், கை போனவன் முதலில் எழுதுவானா, கை இருக்கிறவள் எழுதுவாளா. அவள் எட்டாம் வகுப்பு படித்தவள். அவள் எழுதட்டும், அப்புறம் நான் எழுதுகிறேன் என்று இருந்தேன். பொங்கல் போயிற்று. இவளுக்கு அப்போது எட்டு மாதம். அதையும் நினைத்தேன், எட்டு மாதத்துக்காரியால் நாலு வரி எழுத முடியாதா என்றுதான் நினைத்தேன். எனக்கு ஒன்று மனதில் விழுந்துவிட்டால் போகாது. பொதுச்சுவர் விஷயத்தில் தம்பியோடு பேச்சை விட்டு முப்பத்தெட்டு வருஷம், அவன் செத்த வீட்டுக்குப் போய்த் தெருவிலேயே நின்றுவிட்டு வந்தேன். சவரக்கடைக்காரன் ஒரு நாள் எனக்கு முன்னால் வேறொருவனை உட்கார வைத்தான் என்று பக்கத்து ஊருக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன். ஆனால் அவர்களோடு பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். இவளோடு பேசிக்கொண்டே இருந்தேன். அதுதான் இவளுக்கு நான் செய்தது.

பிப்ரவரியில் வீட்டுக்குப் போனேன். பிள்ளை பிறந்து ஆறு நாள். கட்டுப் பிரித்த கையைப் பார்த்ததும் இவள் பாயிலிருந்து எழுந்துவிட்டாள், பச்சை உடம்புக்காரி, எழக் கூடாது, எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, "எப்ப ஆச்சு, எப்படி ஆச்சு, ஏன் எனக்குச் சொல்லலை" என்றாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். இப்போதும் அந்த முகம் தெரிகிறது, மேல் உதட்டில் வியர்வை. பெட்டியைத் திறந்து மஞ்சள் துணியில் சுற்றியதை எடுத்துக்கொண்டு வந்தாள். "நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு நீங்கதானே எழுதுனீங்க. இந்தா பாருங்க. நானும் ஆறு கடுதாசி போட்டேன், கெடைக்கலையா" என்றாள். நான் இடது கையால் தட்டிவிட்டேன். ஞானம் எழுதிக் கொடுத்த பழைய காகிதத்தைக் காட்டி யாரை ஏமாற்றுகிறாய் என்று கேட்டேன். அவன் கையெழுத்துதான், நான் சொல்லி அவன் எழுதிய கடிதங்கள் இவளிடம் ஒரு கட்டு இருந்தது, அதில் சிலதை எடுத்து நீட்டுகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றிவிட்டது. கவர்களின் முத்திரையில் எண் இருந்தது. நான் வாசிக்கத் தெரிந்த எண். குனிந்து எடுத்திருந்தால் போதும். டீக்கடைக்குப் போய்விட்டேன். பத்து நாள் பிள்ளையைத் தூக்கவில்லை, கை வலி என்று சொல்லிக்கொண்டேன். அவள் அந்தத் துணியை மறுபடி எடுக்கவில்லை. மார்ச்சில் கப்பலுக்குத் திரும்பினதும் ஞானத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எனக்கு வீட்டிலிருந்து கடிதம் ஏதாவது வந்ததா. பையை மடித்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான், "ஒண்ணும் வரலைடா."

ஆறு கடிதம். அவன் கைக்குத்தான் வந்திருக்கும், பை அவன் பொறுப்பு. பிரித்துப் படித்திருக்கிறான். படிக்காமல் எப்படி அடுத்ததை எழுதுவான். முதல் கவர் சரி, முதல் கவரை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, வயிற்றுப் பிள்ளைக்காரி, கை நசுங்கிப் போச்சு என்று எழுதினால் என்ன ஆகுமோ என்று பயந்து, நல்லா இருக்கிறேன் என்று என் பெயரில் எழுதியிருப்பான். நான்கூட அப்படிச் செய்திருப்பேன். ஆனால் அதற்கு இவள் பதில் போடுகிறாள், அந்தப் பதிலை எனக்கு அனுப்பினால் தன் குட்டு உடையும் என்று வைத்துக்கொள்கிறான், அப்புறம் அந்தப் பதிலுக்குப் பதில். இரண்டாம் கவர். மூன்றாம் கவர் ஜனவரி இரண்டு, அப்போது சண்டை முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது, இருபது நிமிஷம் நடந்தால் ஆஸ்பத்திரி. வந்து பார்த்தானே. வந்தான், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான், என் கட்டிலில் உட்கார்ந்து தோல் உரித்துக் கொடுத்தான், வீட்டிலிருந்து ஒரு வரி இல்லையே என்று நான் சொல்லும்போது விதையைக் கையில் வாங்கிக்கொண்டான். அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து நான்காம் கவர். என்ன எழுதினான். ஒரு ஆள் இன்னொருத்தன் பெண்சாதிக்கு, அவன் பெயரில், அவன் பக்கத்தில் இல்லாமல், நான்கு கடிதம் என்ன எழுதுவான். நான் சொல்லி எழுதினால் மூன்று வரி. நலம், நலம் அறிய ஆவல், மழை பெய்ததா. "இவ்வளவுதானாடா, வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா அவகிட்ட" என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்பான். வேற என்னடா சொல்றது என்பேன்.

இவளுக்குத் தெரிந்திருக்கும். நான் அந்தக் கையோடு வந்து நின்றபோதே, நல்லா இருக்கிறேன் என்று எழுதியவன் நான் இல்லை என்று இவளுக்குத் தெரிந்திருக்கும். அப்படியானால் யார் என்றும் தெரிந்திருக்கும். ஞானம் ஓய்வு பெற்ற பிறகு வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் கேக்கை எடுத்துக்கொண்டு பரமக்குடி வருவான். இவள்தான் இலை போடுவாள். அவனுக்குப் பிடிக்கும் என்று நெத்திலிக் கருவாடு வறுப்பாள். நான் இரண்டு வாய் சாப்பிட்டதும் ஆரம்பிப்பேன். "நீயே சொல்லுடா ஞானம், நான் சாகக் கெடக்கிறேன், நாலு வரி எழுத இவளுக்கு மனசு வந்துச்சா." அவன் இலையைப் பார்ப்பான். "விட்ருடா, எத்தனை வருஷம்" என்பான். "விடமாட்டேன், கட்டையில போறவரைக்கும் விடமாட்டேன்" என்பேன். இவள் ரசம் ஊற்றுவாள். அவனுக்கு ஊற்றும்போது கை ஆடவில்லை, எனக்கு ஊற்றும்போதும் ஆடவில்லை. இரண்டு பேரும் என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு வருஷா வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருமுறை கிளம்பும்போது அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். "தங்கச்சி, வரேன்" என்றான். "வாங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் நான் எதையும் பார்த்ததில்லை, பார்த்தேன் என்று சொன்னால் அது நான் சொல்கிற பொய். ஆறு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்தான். இடது தோளில் பெட்டியைத் தூக்கினேன். கல்லறைத் தோட்டம் வரை மாற்று ஆளுக்குக் கொடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கோபித்துக்கொள்ளாத ஒரே ஆள் அவன்தான் என்று அவன் மகனிடம் சொல்லி அழுதேன். இப்போது அவனோடு பேச்சை விடலாம் என்றால் ஆள் இல்லை.

"தண்ணி குடிக்கிறீங்களா" என்கிறாள். வேண்டாம் என்கிறேன். "முகமெல்லாம் ஒருமாதிரி இருக்கு. காலையில மாத்திரை போட்டீங்களா." போட்டேன் என்கிறேன். பின்வரிசையில் இரண்டு பேர் ஏதோ கவரில் முத்திரை தெளிவாக விழவில்லை என்று சண்டை போடுகிறார்கள், ஒருவன் மற்றவனைப் பார்த்து, உனக்குக் கண்ணாடி மாத்தணும்டே, முத்திரை நல்லாத்தான் விழுந்திருக்கு என்கிறான். நான் அவள் பக்கம் திரும்புகிறேன். நரைத்த முன்மயிரை ஒதுக்கி வாரியிருக்கிறாள், நல்ல சேலை கட்டியிருக்கிறாள், வெளியூர் மேடையில் புருஷனுக்குச் சால்வை போடுவதைப் பார்க்க வந்திருக்கிறாள். கவரைக் கொடுத்தவளும் இவள்தான். நான் ஒருநாள் இந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கட்டும் என்று கொடுத்தாளா, இல்லை கேட்டார் கொடுத்தேன் என்பது மாதிரி கொடுத்தாளா.

"அந்த நாலு கவர்ல இருந்த காகிதம் எங்க?"

விசிறுவதை நிறுத்தினாள். நோட்டீஸை மடியில் வைத்தாள்.

"எங்கிட்ட இருக்கு."

"யார் எழுதுனதுன்னு தெரியும்ல உனக்கு."

"உங்க கையைப் பாத்த அன்னைக்கே தெரியும்."

"ஏன் புள்ள சொல்லலை?"

"சொன்னேன்ல. எடுத்துட்டு வந்து நீட்டுனேன்ல. தட்டிவிட்டுட்டு டீக்கடைக்குப் போனீங்க."

"அது ஒரு தடவை."

"ஒரு தடவைதான் சொன்னேன். பொய்க்காரின்னு பேரு வாங்கிட்டு அப்புறம் எதுக்குச் சொல்லணும்."

"அவன் வந்து உக்காந்து தின்னுட்டுப் போனானே வருஷா வருஷம். அவனையாவது சொல்லச் சொல்லியிருக்கலாம்ல."

"அண்ணன் சொல்றேன்னுதான் சொன்னாரு. நாந்தான் வேணாம்னேன். நீங்க கோவிச்சுக்காம பேசிக்கிட்டிருந்தது அவர் ஒருத்தர்கிட்டத்தான். அவரையும் விட்டுட்டு நீங்க எங்க போவீங்க."

மைக்கில் ஊதினார்கள். அதிகாரி வந்துவிட்டார், எல்லோரும் எழுந்தோம், உட்கார்ந்தோம், விளக்கு ஏற்றினார்கள், மேகவாகன் படம் போட்ட புதுக் கவரை வெளியிட்டார்கள், சந்தானகோபாலன் வியர்வையில் சட்டை நனையக் கப்பலின் சரித்திரத்தைப் படித்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வேணாம்னேன். வேணாம்னேன் என்று சொல்ல இவளுக்கும் அவனுக்கும் ஒரு பேச்சு நடந்திருக்கவேண்டுமே, எப்போது, எங்கே, நான் கை கழுவப் போன நேரத்திலா. என்னைப் பற்றி, எனக்காக, என் முதுகுக்குப் பின்னால். பாவம் பார்த்திருக்கிறார்கள். எனக்கு நண்பன் வேண்டும் என்று இவள் ஐம்பது வருஷம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். இதற்கு இவளைக் கோபித்துக்கொள்ள முடியுமா. முடிகிறது. உள்ளே கொதிக்கத்தான் செய்கிறது, எதற்கென்று பிடித்துக் காட்டத்தான் முடியவில்லை. போர்க்காலத்தில் மேகவாகனில் பணியாற்றி, அபாயச் சங்குக்கு நடுவே தன் மனைவிக்குக் கடிதம் எழுதிய வீரர் என்று என் பெயரைச் சொன்னார்கள். கைதட்டினார்கள். அவளும் கைதட்டினாள். படி ஏறினேன், சால்வை போட்டார்கள், கண் கூசியது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ஊரில் ஐம்பது வருஷம் சொன்ன கதை நாக்கு நுனியில் தயாராக இருந்தது, பதினேழு மணி நேரம், சங்கு, வானத்தில் புள்ளி மாதிரி விமானம், எல்லாம் ஞானம் எனக்குச் சொன்னது. கீழே முன்வரிசையில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தேதியில நான் கப்பல்ல இல்லை" என்றேன். மைக் வீல் என்று கத்தியது. மறுபடி சொன்னேன். "ஆஸ்பத்திரியில கெடந்தேன். அந்த நாலு கவரும் நான் அனுப்பலை. எங்கூட இருந்தவன் எம்பேர்ல அனுப்புனான். எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரி சொன்னா. நான் நம்பலை." அவள் சொன்னது நிஜம் என்று ஒரு வரி பாக்கி இருந்தது, அதைத்தான் சொல்ல ஏறினேன், அது வருவதற்குள் சந்தானகோபாலன் பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்து மைக்கை மெதுவாக உருவிக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. பாவம், ஆறு சட்டம். "ஐயாவுக்கு எழுபத்தாறு வயசாகுது" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "அந்த நாளை நெனச்சதும் கொஞ்சம் கலங்கிட்டார். தேதியெல்லாம் குழம்புது. முத்திரை இருக்கு, அவர் பேர் இருக்கு, கப்பலோட சரித்திரம் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்." அதிகாரி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீரத்தையே மறுக்கிற இந்த அடக்கம் என்று ஏதோ சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "நான் சொல்றது நிஜம்" என்றேன். மைக் இல்லை. முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஒருவர் வந்து படியில் பார்த்து இறங்குங்கள் ஐயா என்று முழங்கையைத் தாங்கி இறக்கிவிட்டார்.

நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து கத்தலாம் போலவும் இருந்தது, எழுந்தால் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள் என்றும் தெரிந்தது. வெள்ளத்தாய் சால்வையை என் தோளிலிருந்து எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நம்பலை பாரு" என்றேன்.

"ஆமா" என்றாள்.

"நான் நிஜத்தைச் சொன்னேன் புள்ள."

"சொன்னீங்க. கேட்டுச்சு."

மேடையில் வேறு யாருக்கோ கேடயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்தேன். அதுவரைக்கும் கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டேன்.

"என்ன எழுதியிருந்தான் அதுல? வீட்டுக்குப் போனதும் படிச்சுக் காட்டுறியா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமாக இருக்கிறாளோ என்று பார்த்தேன், இல்லை. வாயோரத்தில் லேசாக ஏதோ இருந்தது, நான் பார்த்திராத ஒன்று, இருபது வயதுக்காரியின் முகம் மாதிரி.

"நீங்க எழுதுனதுன்னு நெனச்சுத்தான் அதைப் படிச்சேன்" என்றாள். "நெறைய தடவை படிச்சேன். அது எனக்கு வந்தது. உங்களுக்குக் காட்ட மாட்டேன்."